பன்னிரண்டாவது படி

அவருடைய பெயரை நான் எழுதப்போவதில்லை. மகள் இருக்கிறாள், பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள் இதைப் படிக்கப்போவதில்லை என்றாலும் அவர்கள் ஊரில் படிக்கிறவர்கள் யாராவது இருப்பார்கள்.

திருச்சியில் மெயின்கார்டு கேட்டுக்குப் பக்கத்தில் எங்கள் பஸ் கம்பெனியின் ஆபீஸ். கம்பெனி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. முசிறி, துறையூர், மணப்பாறை என்று ஒன்பது வண்டிகள். நான் டிக்கெட் கட்டுகளை எண்ணிக் கொடுக்கிற குமாஸ்தா. அவர் டைம் கீப்பர். வண்டி வருகிற நேரம், போகிற நேரம் குறிப்பது அவர் வேலை. என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர், அதனால் நான் அண்ணே என்பேன். நான் வேலைக்குச் சேர்ந்த அன்று காலை அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சே பந்தயம்தான்.

“தம்பி, உங்க பேரென்ன, தங்கராசா? முசிறி வண்டி முந்துமா, துறையூர் வண்டி முந்துமா, சொல்லுங்க. ஒரு காபி.”

நான் துறையூர் என்றேன். துறையூர்தான் முந்தியது. அவர் முகம் வாடவில்லை. “சரி, மணப்பாறை வண்டி பத்துக்குள்ள வராது. ரெண்டு காபி” என்றார். ஒன்பது ஐம்பதுக்கே வந்துவிட்டது. பிறகு நாலு காபி. அதிலும் தோற்றார். பிறகு எட்டு. அதில் ஜெயித்தார். அதுவரை எனக்குக் கொடுக்கவேண்டியதைக் கழித்தால் அவருக்கு நான் ஒரு காபி வாங்கித் தரவேண்டும். எதிர் ஓட்டலில் அந்த ஒரு காபியை நுரை கலையாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துவிட்டு, மேல்துண்டால் மீசையைத் துடைத்துக்கொண்டு, “பாத்தியா?” என்றார். அரை நாளில் நான் ‘நீங்க’விலிருந்து ‘நீ’க்கு இறங்கியிருந்தேன்.

டிரைவர்கள், கண்டக்டர்கள், வாசலில் கொய்யாப்பழம் விற்கிற அம்மாள் வரை எல்லோருக்கும் அவரைப் பிடிக்கும். யாரையும் ஏமாற்றமாட்டார். தோற்றால் கோபப்படமாட்டார். தோற்றதோடு எழுந்து போகமாட்டார், அவ்வளவுதான். தோற்றதை இரண்டாக்கி எதிரே வைப்பார்.

பந்தயத்தில் மட்டும் இல்லை இது. ஸ்ரீரங்கத்தில் மொட்டைக் கோபுரத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் அவர் குடியிருந்தார். கொல்லையில் ஒரு தென்னங்கன்று வைத்தார். அவர்கள் வீட்டுப் பசுவே அதைக் கடித்துப்போட்டது. அடுத்த வாரம் இரண்டு கன்றுகள் வைத்தார். அவை வெயிலில் கருகின. நாலு வைத்தார். அவர் மனைவி மரகதம் அண்ணி என்னிடம் சொல்லிச் சிரித்தாள்: “வாடகை வீட்டுல இவரு தோப்பே வெச்சுக் குடுத்துருவாரு போலிருக்கு தம்பி. வீட்டுக்காரருக்கு யோகம்தான்.”

வசந்தா என்று ஒரே மகள். அவளுக்கு ஏழு வயதில் டைபாய்டு வந்தது. சமயபுரத்தாளுக்கு ஒரு தேங்காய் உடைப்பதாக வேண்டிக்கொண்டார். மூன்று நாளில் இறங்கவில்லை. இரண்டு தேங்காய் என்றார். அடுத்த மூன்று நாளில் நாலு. அப்படியே எட்டு, பதினாறு, முப்பத்திரண்டு. அறுபத்துநாலு என்று வேண்டிக்கொண்ட பிறகு காய்ச்சல் இறங்கியது. மாட்டு வண்டியில் சாக்குச் சாக்காகத் தேங்காய் ஏற்றிக்கொண்டு போனார். நானும் கூடப் போய் உடைத்தேன், கை காய்த்துப்போயிற்று.

“அறுபத்துநாலுக்குத்தான் ஆத்தா எறங்குனா தங்கராசு. முப்பத்திரண்டோட நான் விட்டிருந்தா?” என்று கேட்டார். கண்ணில் நீர் நின்றது.

அண்ணி மெதுவாகச் சொன்னாள்: “மூணு வாரத்துல எறங்கும்னு டாக்டர் மொதல்லயே சொன்னாரு தம்பி. மூணு வாரத்துலதான் எறங்குச்சு.”

அவர் அதைக் காதில் வாங்கவில்லை. நானும் அப்போது சிரித்துவிட்டேன்.

தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் ரிக்ரியேஷன் கிளப் ஒன்று இருந்தது. கீழே கேரம் போர்டு; மேலே சீட்டு. ஞாயிற்றுக்கிழமை பகல் சாப்பாட்டுக்குப் பிறகு அங்கே மங்காத்தா நடக்கும். ஆட்டம் சின்னப் பிள்ளைக்கும் புரியும். எட்டு என்று ஒரு எண்ணைச் சொல்லிவிட்டு, சீட்டுப் போடுகிறவர் வெளியே ஒன்று, உள்ளே ஒன்று என்று மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டே வருவார். எந்தப் பக்கம் எட்டு விழுகிறதோ அந்தப் பக்கம் கட்டியவனுக்கு வைத்த அளவு கூடக் கிடைக்கும். மற்றவன் வைத்தது கிளப்புக்கு. முதல் சீட்டு எப்போதும் வெளியேதான் விழும் என்பதால் அந்தப் பக்கத்துக்கு மயிரிழை வாய்ப்பு அதிகம். அதற்காக வெளியே பக்கம் ஜெயித்தால் ரூபாய்க்கு இரண்டணா கிளப் பிடித்துக்கொள்ளும்.

என்னை அங்கே கூட்டிப்போனது அவர்தான். எனக்குப் பயந்த சுபாவம். வெளியே பக்கம் நாலணா வைப்பேன். ஜெயித்தாலும் அடுத்தது நாலணா, தோற்றாலும் நாலணா. சாயங்காலம் எழுந்திருக்கும்போது சில நாள் ஒரு ரூபாய் கூட இருக்கும், பல நாள் ஒன்றரை ரூபாய் குறைந்திருக்கும். சினிமாவுக்குப் போனதாக நினைத்துக்கொள்வேன்.

அவர் எப்போதும் உள்ளே பக்கம். முதலில் நாலணா. தோற்றால் எட்டணா, பிறகு ஒரு ரூபாய், இரண்டு, நாலு. எப்போது ஜெயித்தாலும் விட்டதெல்லாம் திரும்பி வந்து, மேலே ஒரு நாலணா. உடனே மறுபடி நாலணாவிலிருந்து ஆரம்பம்.

“நீ வெக்கிறது சூதே இல்லைய்யா. கூலி. அதுவும் நீ குடுக்கிற கூலி” என்று என்னைக் கேலி செய்வார். “சீட்டு ஒன்ன அடிச்சா நீ கன்னத்தத் தடவிக்கிட்டு உக்காந்திருக்கே. நான் திருப்பி அடிக்கிறேன்.”

“தொடர்ந்து தோத்தா என்னண்ணே பண்ணுவீங்க?”

“எத்தன தடவ தோப்பேன்? நாலு? அஞ்சு? ஒருத்தனையே சீட்டு எத்தன தடவ அடிக்கும்? அதுக்கும் கை வலிக்குமில்ல?”

அவர் சொன்னபடிதான் நடந்தது. ஞாயிறு தவறாமல் மூன்று ரூபாய், நாலு ரூபாய் ஜெயித்துக்கொண்டு இறங்குவார். மனைவிக்குப் பூவும் மகளுக்கு அல்வாவும் வாங்கிக்கொண்டு ஸ்ரீரங்கம் டவுன் பஸ் ஏறுவார். எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது. ஆனாலும் என்னால் எட்டணா வைக்க முடியவில்லை.

நான் இன்றுவரை யோசித்துத் தீராத ஞாயிறு ஒன்று உண்டு. அவர் வீட்டுக் கிடாரியை மணப்பாறை மாட்டுச் சந்தையில் நூறு ரூபாய்க்கு விற்றிருந்தார்கள். வசந்தாவை ஹைஸ்கூலில் சேர்க்க, புத்தகம் வாங்க, பாவாடை தாவணி எடுக்க அந்தப் பணம். அது அவர் இடுப்பில் இருந்தது. ஆட வேண்டுமென்று எடுத்து வரவில்லை; திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் கட்டுவதற்காக வைத்திருந்தார். வழக்கம்போல நாலணாவில் ஆரம்பித்தார்.

நாலணா போயிற்று. எட்டணா. ஒரு ரூபாய். இரண்டு. நாலு. எட்டு ரூபாய் போனபோது பக்கத்து மேஜையில் ரம்மி ஆடியவர்கள் எழுந்து வந்து நின்றார்கள். பதினாறு. சீட்டுப் போடுகிறவரின் கை தயங்கியது. முப்பத்திரண்டு. வெளியே விழுந்தது.

எட்டு முறை தொடர்ந்து. அடுத்தது அறுபத்துநாலு வைக்கவேண்டும். அவரிடம் முப்பத்தாறும் சில்லறையும் இருந்தது.

“இருக்கிறத வைங்களேன்” என்றார் கிளப் மேனேஜர். மேனேஜர் பொடி போடுகிற ஒல்லி மனிதர். யாரிடமும் குரல் உயர்த்தமாட்டார்.

“முப்பத்தாறு வெச்சு ஜெயிச்சா விட்டது வருமா? வராது. முறைன்னா முறை.” அவர் என் பக்கம் திரும்பினார். நெற்றியில் வியர்வை கோடு கோடாக இறங்கியிருந்தது. “தங்கராசு, இருபத்தெட்டு ரூபா இருக்கா? இப்பவே திருப்பிக் குடுத்துடறேன். இங்கயே.”

என் சட்டைப் பையில் வாடகைக்கான முப்பது ரூபாய் இருந்தது.

“இல்லண்ணே” என்றேன்.

ஒரு நிமிஷம் அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். சீட்டுப் போடுகிறவர் மற்றவர்களுக்காக அடுத்த ஆட்டம் போட்டார். சொன்ன எண் ஒன்பது. வெளியே, உள்ளே, வெளியே, உள்ளே. நாலாவது சீட்டு. உள்ளே விழுந்தது இஸ்பேட் ஒன்பது.

அவர் மெல்லச் சொன்னார்: “பாத்தியா?”

நாலணா ஜெயிப்பதற்காக அறுபத்துநாலு ரூபாய் வைக்கப் பார்த்தோமே என்று அவருக்குத் தோன்றவில்லை. சிநேகிதன் பையில் இருபத்தெட்டு ரூபாய் இருந்திருந்தால் போதும் என்றுதான் தோன்றியது. நான் கொடுத்திருந்தால் ஜெயித்திருப்பார். முறை சரிதான் என்று இன்னும் துணிந்திருப்பார். கொடுக்காததால் தோற்றார், ஆனாலும் முறை சரிதான், பணம்தான் பற்றவில்லை என்று முடிவு கட்டிவிட்டார். எப்படி நடந்திருந்தால் அவர் பிழைத்திருப்பார் என்று எனக்குத் தெரியவில்லை. எட்டோடு ஒன்பதும் தோற்றிருந்தால், ஒருவேளை. அதுவும் ஒருவேளைதான்.

அந்த வருஷம் வசந்தா ஒரு மாதம் தாமதமாகப் பள்ளிக்கூடம் போனாள். அண்ணி பசுவின் பாலை ஒரு சொட்டு வீட்டுக்கு வைக்காமல் விற்றாள்.

அவர் கிளப் பக்கம் நாலு மாதம் வரவில்லை. திருந்திவிட்டார் என்று நினைத்தேன். ஒருநாள் ஆபீஸில் டைம் எழுதுகிற அட்டையின் பின்பக்கம் பென்சிலால் என்னவோ எழுதிக் காட்டினார். நாலணாவில் தொடங்கிப் பன்னிரண்டு படி. கடைசிப் படியில் ஐந்நூற்றுப் பன்னிரண்டு ரூபாய். எல்லாம் சேர்த்து ஆயிரத்து இருபத்துநாலுக்கு நாலணா குறைவு.

“எட்டுப் படி போதாது தங்கராசு. அதான் தப்பு. பன்னெண்டு படி ஏற பணம் வேணும். பன்னெண்டு தடவ தொடர்ந்து தோத்தவன் ஒருத்தன காட்டு.”

“ஏதுண்ணே அவ்வளவு பணம்?”

“முசிறியில என் பங்கு கெடக்குல்ல.”

ஆற்றோரத்தில் அரை ஏக்கர் வாழை. அப்பா விட்டுப்போனது. அவருடைய அண்ணன்தான் பார்த்துக்கொண்டிருந்தார். வருஷா வருஷம் தார் தாராக வாழைக்காய் வரும். அதை அண்ணனுக்கே ஆயிரத்து இருநூறுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்.

மரகதம் அண்ணி என்னைத் தேடி ஆபீஸுக்கே வந்தாள். அவள் டவுனுக்கு வந்து நான் பார்த்ததில்லை. வாசலில் ஓரமாக நின்றுகொண்டு, “நீங்க சொன்னா கேப்பாரு தம்பி. நீங்களும் ஆடறவரு, ஆனா அளவா ஆடறவரு” என்றாள். “எனக்கு வேற யாரு இருக்கா சொல்ல?”

அடுத்த ஞாயிறு காலையில் அம்மா மண்டபம் படித்துறையில் அவர் குளித்துவிட்டு வேட்டியைப் பிழிந்துகொண்டிருந்தபோது போய்ப் பேசினேன். ஒரு காலணாவை எடுத்துக் காட்டினேன்.

“அண்ணே, இதச் சுண்டுனா பூவோ தலையோ விழும். பத்து தடவ பூவே விழுந்தாலும் பதினோராவது தடவ என்ன விழணும்னு இதுக்குத் தெரியாது. இதுக்கு ஞாபகமே கெடையாது. சீட்டும் அப்படித்தான். நீங்க ரெட்டிச்சு வெச்சாலும், நான் ஒரே மாதிரி வெச்சாலும் சீட்டு மாறாதுண்ணே. நான் கொஞ்சம் கொஞ்சமா விடறேன். நீங்க ஒரு நாள் மொத்தமா விடுவீங்க.”

பிழிந்த வேட்டியை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

“காசுக்கு ஞாபகம் இல்லாம இருக்கலாம். எனக்கு இருக்கே” என்றார். “தோத்தத நெனச்சுக்கிட்டு நீ எப்படித்தான் நாலணாவோட தூங்கறியோ.”

அன்று மத்தியானம் இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் கிளப்புக்குப் போனோம்.

அவருடைய நல்ல காலம் இரண்டு வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவு. அணா போய் நயா பைசா வந்தது, நாலணா இருபத்தைந்து நயா பைசாவாயிற்று, ஆட்டம் மாறவில்லை. ஒரு தடவை ஏழாவது படி வரை போனது, இன்னொரு தடவை ஒன்பதாவது வரை. இரண்டிலும் மீண்டார். அண்ணிக்குக் கம்மல் வாங்கிப்போட்டார். வசந்தாவை டீச்சர் டிரெயினிங்குக்கு அனுப்பப்போவதாக எல்லோரிடமும் சொன்னார். அந்த ஆயிரத்து இருபத்துநாலைத் தொடவே மாட்டார். தகர டப்பாவில் போட்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுத்து வருவார். ஜெயித்த பணம் செலவுக்கு, டப்பா ஆட்டத்துக்கு. அவ்வளவு ஒழுங்கான மனிதரை நான் பார்த்ததில்லை.

ஒருநாள் மாடிப்படியில் மேனேஜரிடம் கேட்டேன்: “அவரு இப்படி வாராவாரம் எடுத்துக்கிட்டுப் போறாரே, கிளப்புக்கு நஷ்டமில்லயா?”

மேனேஜர் மூக்குப்பொடியை உறிஞ்சிவிட்டுச் சிரித்தார். “எங்களுக்கு நெல்லு ரெண்டு விதமா வருது சார். ஒருத்தரு வாராவாரம் மொறத்துல கொண்டாருவாரு. இன்னொருத்தரு வாராவாரம் மொறத்துல எடுத்துக்கிட்டுப் போவாரு, ஒருநாள் வண்டியோட கொண்டாந்து கொட்டுவாரு. எங்களுக்கு ரெண்டும் நெல்லுதான்.”

முறத்தில் கொண்டுவருகிறவன் நான் என்பது படி இறங்கிய பிறகுதான் உறைத்தது. இதை அவரிடம் சொல்லவேண்டும் என்று நினைத்தேன். சொல்லவில்லை.

வண்டியோடு கொட்டிய நாள் சித்திரை மாதத்தில் வந்தது. மின்விசிறி ஓடாத பகல். முதல் நாலைந்து ஆட்டம் தோற்றபோது யாரும் கவனிக்கவில்லை. எட்டாவது படியில் எல்லா மேஜையும் காலியாகி எங்களைச் சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. ஒன்பதாவதில் அறுபத்துநாலு. அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். இந்தத் தடவை கடன் கேட்கவேண்டியதில்லையே என்கிற சிரிப்பு. போயிற்று. நூற்றிருபத்தெட்டு. போயிற்று. இருநூற்றைம்பத்தாறை நிதானமாக எண்ணி வைத்தார். அதுவும் போயிற்று.

“போதும்ணே” என்றேன். அவர் தோளைப் பிடித்தேன். “பாதிக்கு மேல டப்பாவுல இருக்கு. எழுந்திரிங்க. அதோட போயிடலாம்.”

“விடு. இப்ப எழுந்தா அந்தப் பாதியும் எதுக்கு?”

தகர டப்பாவைக் கவிழ்த்து ஐந்நூற்றுப் பன்னிரண்டை எண்ணி உள்ளே பக்கம் வைத்தார். சொன்ன எண் நாலு. சீட்டுக் கட்டில் முக்கால்வாசி தீரும்வரை நாலு வரவில்லை. அத்தனை பேர் இருந்தும் சீட்டு மேஜையில் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. கடைசியில் கிளாவர் நாலு வெளியே விழுந்தது.

அவர் தண்ணீர் கேட்டார். குடித்தார். காலி டப்பாவை மூடி, கக்கத்தில் வைத்துக்கொண்டு படி இறங்கினார். நான் உடனே பின்னால் போயிருக்கவேண்டும். போகவில்லை. அடுத்த ஆட்டம் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்க்க நின்றேன். வெளியே விழுந்தது. அதற்கடுத்ததும் வெளியே.

காவிரிப் பாலத்தின் மேல் நடந்து போய்க்கொண்டிருந்தவரை ஓடிப் பிடித்தேன். “அண்ணே, பதிமூணாவதும் தோத்துத்தான் போச்சு. பதினாலாவதும். நான் இருந்து பாத்துட்டுத்தான் வரேன். இன்னும் மூவாயிரத்துச் சொச்சம் இருந்திருந்தாலும் போயிருக்கும்” என்றேன். இதைக் கேட்டாவது விடுவார் என்ற ஆசை.

அவர் நிற்காமலே சொன்னார்: “நான் எழுந்துட்டேன்ல. அப்புறம் விழுந்தது வேற சீட்டு.”

அன்று பாலத்தில்தான் எனக்கு நம்பிக்கை போயிற்று.

பிறகு நடந்ததெல்லாம் வேகமாக நடந்தது. டிரைவர்களிடம் ஐந்து ரூபாய் கடன் வாங்கி, அதை அடைக்க இன்னொருவரிடம் பத்து வாங்கி, அதை அடைக்க இருபது வாங்கினார். கம்மல் போயிற்று, பசு போயிற்று. வசந்தா பத்தாவதோடு நின்றாள். கடன் கொடுத்தவர்கள் ஆபீஸ் வாசலில் வந்து நிற்க ஆரம்பித்ததும் முதலாளி அவரை நிறுத்திவிட்டார். அண்ணி மகளைக் கூட்டிக்கொண்டு பிறந்த ஊரான வையம்பட்டிக்கு, தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள்.

கூட்டிவரப் போனார். முதல் தடவை ஒரு முழம் பூவோடு போனார். அவள் வரவில்லை. அடுத்த தடவை இரண்டு முழம் பூவும், வழியில் மணப்பாறையில் இறங்கி ஒரு கட்டு முறுக்கும். அதற்கடுத்த தடவை நாலு முழம், இரண்டு கட்டு. வண்டிகளில் பழைய பழக்கத்தில் கண்டக்டர்கள் டிக்கெட் இல்லாமல் ஏற்றிக்கொள்வார்கள். பூவுக்கும் முறுக்குக்கும் எங்கே கடன் வாங்கினாரோ. ஒருநாள் ஒரு கூடை நிறையப் பூவை மடியில் வைத்துக்கொண்டு, வையம்பட்டி வழியாகப் போகிற திண்டுக்கல் வண்டியில் உட்கார்ந்திருந்ததை நானே பார்த்தேன். கல்யாண வீட்டுக்கா என்று யாரோ கேட்டார்கள். ஆமாம் என்று தலையாட்டினார். மச்சினன் அந்தக் கூடையைத் தெருவில் வீசி எறிந்துவிட்டானாம். அதற்குப் பிறகும் இரண்டு தடவை போனார்.

அறுபதுகளின் நடுவில் காமாலை வந்து பெரிய ஆஸ்பத்திரியில் கிடந்தார். அதுவரை காந்தி மார்க்கெட்டில் ஒரு வாழைக்காய் மண்டியில் தார் எண்ணிக்கொண்டிருந்தார் என்று அப்போதுதான் தெரிந்தது. நான் தினமும் ஆபீஸ் முடிந்து போய்க் கஞ்சி கொடுப்பேன். கண், நகம் எல்லாம் மஞ்சள். ஒரு சாயங்காலம் எனக்குத் தாங்கவில்லை.

“அண்ணே, அன்னிக்கு என் பையில முப்பது ரூபா இருந்துச்சு.”

அவர் ஆச்சரியப்படவில்லை. “தெரியும். சட்டைக்குள்ள நோட்டு தெரிஞ்சுது.”

“தெரிஞ்சுமா என்கூடப் பேசிக்கிட்டிருந்தீங்க?”

“ஒன் பணம். நீ குடுக்கல.” கொஞ்சம் மூச்சு வாங்கினார். “அத நான் தப்பா எடுத்துக்கல தங்கராசு. ஆனா ஒவ்வொரு தடவ தோக்கும்போதும் அந்த இருபத்தெட்டத்தான் நெனச்சுக்குவேன்.”

பக்கத்துக் கட்டில்காரர் இருமினார். நான் கஞ்சிக் கிண்ணத்தை எடுத்துக் கழுவப் போனேன். நாலாம் நாள் காலையில் அவர் இறந்துபோனார். தந்தி கொடுத்தேன். மச்சினன் மட்டும் வந்தான். முசிறியிலிருந்து அண்ணனும் வந்து சேர்ந்தார். ஓயாமாரி மயானத்தில் ஆறு பேர் இருந்தோம்.

காரியமெல்லாம் முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவருடைய வேட்டி சட்டையையும் கைக்கடிகாரத்தையும் எடுத்துக்கொண்டு வையம்பட்டிக்குப் போனேன். அண்ணி கூடத்தில் கடலை உரித்துக்கொண்டிருந்தாள். நெற்றி வெறுமையாக இருந்தது. வசந்தா தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, “வாங்க சித்தப்பா” என்றாள். மணப்பாறைக்குப் போய் முறுக்குச் சுடுகிறாளாம். கை முழுக்க எண்ணெய் தெறித்த வடு. இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயது இருக்கும். இன்னும் கல்யாணம் ஆகவில்லை. அது ஆக அதற்குப் பிறகும் ஆறு வருஷம் பிடித்தது.

அண்ணி துணியைப் பிரிக்காமலே ஓரமாக வைத்தாள்.

“ஒரு தடவ வெறுங்கையோட வந்திருக்கலாம் தம்பி” என்றாள். “வந்து, தப்புதான்னு ஒரு வார்த்த. வண்டி ஏறியிருப்பேன். ஒவ்வொரு தடவயும் ரெண்டு பங்கா தூக்கிக்கிட்டு வந்து நின்னா நான் என்ன பண்ண? எனக்கு அந்தக் கூடையப் பாக்கப் பாக்கப் பயமா இருந்துச்சு.”

அவள் அழவில்லை. கடலைத் தொலியை ஊதித் தள்ளினாள். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

“நீங்க இன்னும் அங்க போறீங்களா தம்பி?”

“இல்ல அண்ணி. எப்பவோ விட்டாச்சு.”

“நல்லது. உங்களுக்கு எப்பவும் ஒரு நிதானம் உண்டு” என்றாள்.

பகல் ஒரு மணி வண்டியில் ஏறினேன். ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, எதற்கென்று தெரியாமல் கணக்குப் போட்டேன். ஜெயித்ததைக் கழித்தால் ஒரு ஞாயிற்றுக்குச் சராசரியாக ஒரு ரூபாய். பன்னிரண்டு வருஷம். அவர் முசிறியில் விற்ற வாழைத் தோட்டத்தில் பாதிக்கு மேல் நானும் விற்றிருக்கிறேன். ஒரு சத்தமும் கேட்கவில்லை. என் வீட்டில் யாரும் பெட்டி கட்டவில்லை. என் மனைவி என்னை ஊரிலேயே கட்டுப்பாடான ஆள் என்று தன் தங்கையிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

திருச்சியில் இறங்கும்போது மூன்றரை. தெப்பக்குளத்துப் பக்கம் நடந்து, மாடி ஏறினேன். ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. மேனேஜர், “என்ன சார், இன்னிக்கு லேட்டு” என்று சொல்லிக்கொண்டே நாற்காலியை இழுத்துப் போட்டார். உட்கார்ந்தேன். வெளியே பக்கம் இருபத்தைந்து பைசா வைத்தேன்.